பிளாஸ்க் போன தூரம்

பிரண்டைமலைத் தோட்டம்,
நோட்டன் பிரிட்ஜ்.
2.4.1979

சிஸ்டர் றோசலின் அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் யேசுரட்ணம் எழுதுகிறேன். நீங்கள் ஆப்பிரிக்காவுக்குப் போய் எட்டு வருடமாகிறது. இது நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம். இதுவரை என் பெண்சாதி சிசிலிதான் எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியாக, "அவரும் உங்களை விசாரித்தார்" என்று போடுவாள். நான் ஒரு தடவையும் விசாரித்ததில்லை. அந்த வரியைப் போட இப்போது ஆள் இல்லை. அதனால் நானே எழுத வேண்டியிருக்கிறது.

சிசிலி போன மாதம் பதின்மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபதுக்குக் காலமானாள். வயது முப்பத்தாறு. கொழுந்துக் கூடையோடு மேட்டு மலையிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, தண்ணீர் ஓடும் கானுக்குள் இருந்த கல்லில் பின்மண்டை அடிபட்டு விழுந்திருக்கிறாள். நான் அன்று தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லொறியோடு கினிகத்தேனைப் பக்கம் போயிருந்தேன். சேதி கிடைத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். கண்ணை மூடிவிட்டிருந்தார்கள்.

டாக்டர் ஒரு சிறிய அட்டையைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார். செத்த பிறகு கண்களைத் தருவதாக எழுதிக் கொடுத்த அட்டை. அவள் கையெழுத்துத்தான். மூன்று வருடத்துக்கு முந்திய தேதி. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வருடம் உங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்ததும், கண் தெரியாத பிள்ளைகள் அங்கே காத்துக் கிடப்பதாக நீங்கள் எழுதியிருந்ததை அவள் சத்தம் போட்டு வாசித்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நாலு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், உரியவர் கையெழுத்து வேண்டும் என்றார். நான் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை, இதையாவது கேட்டாளே என்று நினைத்திருக்கலாம்.

எடுத்ததை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, அதை ஒரு பெட்டிக்குள் வைத்தார்கள். நாலு மணி ரயிலில் கொழும்புக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரி வண்டி வேறு நோயாளியோடு போயிருந்தது. நானே கொண்டுபோகிறேன் என்றேன். லொறியில் என் பக்கத்து சீட்டில் வைத்து, உருளாமல் இருக்க என் கம்பளிச் சட்டையைக் கழற்றிச் சுற்றினேன். தோட்டத்து லொறியில் பெண்களை ஏற்றக் கூடாது என்பது சட்டம். பதினாலு வருடத்தில் அவளை நான் ஒரு நாளும் அந்த சீட்டில் ஏற்றியதில்லை. ஹட்டன் ஸ்டேசனுக்கு ஐந்து மைல். ரோட்டு வளைவு முடக்குகளில் ஆள் நடக்கும் வேகத்தில் போனேன். ரயில் கார்ட் ஒரு சிங்களவர். விஷயத்தைக் கேட்டதும் இரண்டு கையாலும் வாங்கித் தன் நாற்காலியில் வைத்துவிட்டு, அவர் நின்றுகொண்டார். ரயில் மல்லியப்புப் பக்கம் வளைந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தன்று மாமியிடம் நானே சொன்னேன். அவளைப் பெற்றவளிடம் மறைக்க முடியுமா. மரியநாயகி மாமி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"எம் மகள இருட்டுல அனுப்பிட்டீங்க மாப்பிள. கடைசி நாள்ல ஆண்டவரு கூப்புடுறப்ப, அவ எப்புடி வழி தெரிஞ்சு வருவா?"

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அடுத்த காம்பராவில்தான் இருக்கிறார். சுவர் வழியாக அவர் இருமுவது கேட்கும்.

கொழும்பிலிருந்து நன்றி சொல்லி ஒரு கடிதம் வந்தது. கண்கள் இரண்டும் புதன்கிழமை காலைப் பிளேனில் வெளிநாட்டுக்குப் போய்விட்டனவாம். எந்த நாடு என்று சொல்வது வழக்கமில்லையாம்.

உங்களிடம் இரண்டு கேள்வி. ஒன்று, மாமி கேட்டதற்கு நீங்கள் படித்த வேதத்தில் என்ன பதில்? இரண்டு, இந்தக் கண்கள் எங்கே போகும்? நீங்கள் கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறவர். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
யேசுரட்ணம்

*

நைரோபி,
24.4.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் நேற்று வந்தது. உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. மதினி நலமாக இருந்தால் நீங்கள் எழுதமாட்டீர்கள்.

பிரிக்காமல் கோவிலுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வாசித்தேன். என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். சின்ன வயதில் கோபம் வந்தால்கூட நீங்கள் என்னை அப்படிச் சொன்னதில்லை.

மதினி எனக்கு எழுதிய கடிதங்கள் நாற்பத்தொன்று இருக்கின்றன. மழை பெய்தது, ஆற்றில் தண்ணீர் இறங்கியது, மாமிக்கு இருமல், இந்த மாதம் அரிசி கிடைத்தது என்று எல்லாம் எழுதுவார். தன்னைப் பற்றி எழுதவே மாட்டார். அட்டை எழுதிக் கொடுத்ததை என்னிடமும் சொல்லவில்லை.

மாமியின் கேள்விக்குப் பெரிய படிப்பிலிருந்து பதில் சொல்ல எனக்குத் தெரியாது. கடலில் மூழ்கியவர்களும் நெருப்பில் போனவர்களும் உயிர்த்தெழுவார்கள் என்றுதான் நாம் விசுவசிக்கிறோம். மண்ணாய்ப் போன உடம்பை எழுப்பத் தெரிந்தவருக்கு இரண்டு கண்களைத் தேடி எடுக்கத் தெரியாமல் போகாது. ஆனால் மாமி கேட்டது இது இல்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. மகள் முகத்தைக் கடைசியாகப் பார்த்தபோது அதில் ஏதோ ஒன்று குறைந்திருந்ததே என்ற வேதனையை அவர் வேறு எப்படிச் சொல்வார்?

அண்ணன், நீங்கள் கையெழுத்துப் போட்டது தவறில்லை. இதை நான் கன்னியாஸ்திரியாகச் சொல்லவில்லை. இந்த வார்ட்டில் எட்டு வருடம் வேலை செய்தவளாகச் சொல்கிறேன்.

மதினிக்காக இங்கே பூசை வைத்தோம். எனக்கு முகம் தெரியாதவர்கள் பலர் வந்து முழங்காலில் இருந்தார்கள். சாப்பிடுகிறீர்களா? சமைப்பது யார்? மாமிக்கு இருமல் எப்படி இருக்கிறது?

உங்கள் தங்கை,
றோசலின்

*

பிரண்டைமலைத் தோட்டம்,
12.5.1979

சிஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஐந்தாறு தடவை வாசித்தேன். நான் இரண்டு கேள்வி கேட்டிருந்தேன். ஒன்றுக்குத்தான் பதில் இருக்கிறது.

நான் லொறி ஓட்டுகிறவன். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பதைத் தவிர எனக்கு வேறு வித்தை தெரியாது. அந்த வித்தையை வைத்து நானே தேடிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய்க் கேட்டேன், கண் எவ்வளவு நேரம் தாங்கும் என்று. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வைத்தால் நல்லது என்றார். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் கந்தப்பன் அலமாரியில், வெள்ளைக்காரத் துரை போகும்போது விட்டுப்போன பிளேன் நேர அட்டவணைப் புத்தகம் ஒன்று இருக்கிறது. தலையணை மாதிரித் தடிப்பு. நாலு வருடப் பழசு. பரவாயில்லை, பிளேனுக்கு வேகம் குறைந்திருக்காது என்று வாங்கி வந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து உலகப் படத்தையும் கேட்டு வாங்கினேன்.

அவள் மூச்சு நின்றது செவ்வாய் பதினொன்று இருபதுக்கு. ரயில் கொழும்பு சேர்ந்தது இரவு ஒன்பதரைக்கு. ஹட்டனிலிருந்து நூற்றெட்டு மைலுக்கு ஐந்தரை மணி நேரம். புதன் காலை ஏழரைக்குக் கட்டுநாயக்காவில் பிளேன் ஏறும்போது, நாற்பத்தெட்டில் இருபது மணி போய்விட்டது. பாக்கி இருபத்தெட்டு. பிளேன் மணிக்கு ஐந்நூறு மைல் போகிறதாம். இருபத்தெட்டை ஐந்நூறால் பெருக்கினால் பதினாலாயிரம் மைல்.

நூலில் அளந்து, கட்டுநாயக்காவில் ஒரு ஊசியைக் குத்தி, படத்தில் வட்டம் போடப் போனேன். நூல் படத்தை விட்டு வெளியே போய்விட்டது. கணக்குப் பிழை என்று நினைத்து பள்ளிக்கூட மாஸ்டரிடம் கேட்டேன். அவர் சொன்னார், உலகத்தைச் சுற்றி வரவே இருபத்தையாயிரம் மைல்தான். எந்தத் திசையில் போனாலும் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் தூரமான இடம் பூமியில் கிடையாது என்று.

ஐந்து மைல் தூரத்தை நான் முக்கால் மணி நேரம் ஓட்டினேன். அதற்குப் பிறகு அவள் கண்ணுக்கு எட்டாத இடம் இந்த உலகத்தில் ஒன்றுகூட இல்லை. அவள் அதிகமாகப் போன தூரம் பக்கத்திலிருக்கும் நல்லதண்ணி. அதுவும் கல்யாணமான வருடம், எங்கள் லயத்து மீனம்மா வீட்டாரோடு மலை பார்க்க. ஜப்பானாக இருக்கலாம், எகிப்தாக இருக்கலாம். ஏதோ ஒரு ஊரில் இப்போது விடிந்துகொண்டிருக்கும், அங்கே யாரோ ஒருவர் அவள் கண்ணைத் திறப்பார் என்று நினைத்துக்கொண்டே லொறியை ஓட்டுகிறேன். பயமாகவும் இருக்கிறது. கும்பிடவும் தோன்றுகிறது.

அந்தப் புத்தகத்தில் இன்னொன்றும் பார்த்தேன். கட்டுநாயக்காவிலிருந்து பம்பாய் இரண்டரை மணி நேரம். பம்பாயிலிருந்து நைரோபி ஆறேகால் மணி நேரம். ஆகாயத்தில் இருப்பது மொத்தமே எட்டே முக்கால் மணி நேரம். எழுபத்து நாலில் அப்பா செத்தபோது, நீங்கள் வருவீர்கள் என்று ஒன்றரை நாள் வைத்திருந்தோம். நீங்கள் இருக்கும் இடம் அவ்வளவு தூரம், பாவம் வர முடியாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் சிசிலிதான். எட்டே முக்கால் மணி நேரம் என்று அவளுக்கும் தெரிந்திருக்காது.

இப்போது நேராகக் கேட்கிறேன். அவள் கண் எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

யேசுரட்ணம்

*

நைரோபி,
3.6.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

தெரியும்.

போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். யாருடைய கண் யாருக்கு என்று இரண்டு பக்கத்துக்கும் சொல்லக் கூடாது என்பது இங்கே சட்டம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் மறைக்கவில்லை. சொல்ல வேண்டியதில் ஒரு பாதி நல்ல செய்தி இல்லை. எங்கள் மடத்து மதரிடமும் பெரிய டாக்டரிடமும் போய், இறந்தவர் என் அண்ணன் மனைவி என்று சொன்னேன். மதர் வெகுநேரம் யோசித்துவிட்டு, உன் அண்ணனுக்கு எழுது என்றார். அந்த அனுமதியோடு எழுதுகிறேன்.

முதலில் அப்பாவைப் பற்றி. தந்தி என் கையில் கிடைத்தது ஐந்தாம் நாள். ஆளை எட்டே முக்கால் மணி நேரத்தில் கொண்டுவரும் உலகத்தில், நோட்டனில் கொடுத்த ஆறு வார்த்தை ஐந்து நாள் நடந்து வந்தது. இதை அப்போதே உங்களுக்கு எழுதினேன். நீங்கள் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிட்டதாக மதினி பிறகு எழுதினார்.

மார்ச் பதினாலாம் தேதி காலை கொழும்பிலிருந்து தந்தி வந்தது, இரண்டு கண்கள் வருகின்றன என்று. இது நல்ல வேளையாக அன்றைக்கே வந்தது. இந்த எட்டு வருடத்தில் இலங்கையிலிருந்து எங்களுக்கு அறுபதுக்கு மேல் பிளாஸ்க் வந்திருக்கிறது. பெரும்பாலும் நான்தான் போய் வாங்குவேன். நம் ஊரிலிருந்து வருவது என்பதால் அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வாரம் கொழும்பிடம் கண் கேட்டிருந்தது நாங்கள் மட்டும்தானாம். ஆகவே அதிசயம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வேறு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

விமானம் மாலை ஐந்தே முக்காலுக்கு இறங்கியது. உங்கள் கடிகாரத்தில் அது எட்டேகால். கிழக்கிலிருந்து சூரியனுக்குப் பின்னால் பறந்து வருவதால், அதில் வருகிறவர்களுக்கு அந்தப் புதன்கிழமை இருபத்தாறரை மணி நேரம் நீளம். மூவாயிரத்து எழுநூற்றைம்பது மைல். அதில் முக்கால் பங்குக்குக் கீழே கடலைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு பணிப்பெண் பெட்டியைத் தன் கையிலேயே தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். பம்பாயில் யாரோ ஐஸ் மாற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு மைல். வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பெயர் இருக்காது. பெண், வயது 36, மார்ச் 13, காலை 11.20 என்று மட்டும் சீட்டில் இருந்தது. என்னை விட மூன்று வயது மூத்தவர், யார் பெற்ற பிள்ளையோ என்று வழக்கம்போல ஒரு செபம் சொன்னேன். அண்ணன், மதினியின் பெயர் தெரியாமலே மதினிக்காக நான் செபம் சொன்னேன். உங்கள் கடிதம் வந்து, அதில் பதினொன்று இருபது என்ற எழுத்தைப் பார்த்த பிறகுதான் வார்ட் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் ஐந்து மைல் நீங்கள் கொண்டுபோயிருக்கிறீர்கள். கடைசிப் பதினெட்டு மைல் நான். நடுவே அவ்வளவு கடல்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அறுவை. நாற்பத்தெட்டு மணி நிறைய இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.

வைப்பது முழுக் கண் இல்லை. கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தோல் இருக்கிறது, அதில் ஒரு சின்ன வட்டம் மட்டும். ஆகவே மதினியின் பார்வையை நான் மறுபடி பார்த்தேன் என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன். ஜன்னல் அவருடையது. உள்ளே இருக்கிறவர் வேறு ஆள்.

ஒரு கண்ணை வஞ்சிரு என்ற ஏழு வயதுப் பெண் பிள்ளைக்கு வைத்தார்கள். அம்மை போட்டுப் பார்வை போன பிள்ளை. ஐந்து வாரம் தெளிவாக இருந்தது. ஆறாவது வாரம் மங்கத் தொடங்கி, இப்போது முழுவதும் வெளுத்துவிட்டது. உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை. யாருடைய பிழையும் இல்லை. உங்கள் முதல் கடிதம் வந்த அன்றைக்குத்தான் மங்குவதைக் கண்டுபிடித்தோம். அதனால்தான் எழுதக் கை வரவில்லை.

மற்றது ம்வாங்கி என்பவருக்கு. கல்லுடைக்கிற வேலை. ஐம்பது வயது இருக்கும். சில்லுத் தெறித்து இரண்டு கண்ணும் போய் ஆறு வருடம். குடிப்பார். வார்ட்டில் எல்லோரோடும் சண்டை, கஞ்சியில் உப்பில்லை என்று கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். கட்டை அவிழ்த்தது நான்தான். டாக்டர் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். அந்த ஆள் கொஞ்ச நேரம் சிமிட்டிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் பாஷையில், "அம்மா, உங்கள் மூக்குக்கண்ணாடியில் தூசி இருக்கிறது" என்றார்.

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு அவர் மருந்து வாங்க வந்தார். எதிரே உட்கார்ந்து அவர் கண்ணையே பார்த்தேன். எழுந்து போக முடியவில்லை. ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள், கண் கெட்டுவிட்டதா என்று பயந்து கேட்டார். இல்லை, நன்றாக இருக்கிறது என்றேன். எட்டு வருடம் கழித்து மதினி என்னை முதலில் பார்த்தது அப்படித்தான், அண்ணன். கண்ணாடியில் தூசியோடு.

றோசலின்

*

பிரண்டைமலைத் தோட்டம்,
25.6.1979

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை ஹட்டன் ஸ்டேசன் முன்னால் லொறிக்குள் வைத்துப் பிரித்தேன். முதல் வார்த்தையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். பெட்டிகளை இறக்கி முடித்து, தோட்டத்துக்குத் திரும்பும் வழியில் பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி மிச்சத்தை வாசித்தேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹோன் அடித்துத் திட்டும்வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒரு மாதம் மறைத்ததற்குக் கோபப்பட்டேன். அந்தப் பிள்ளைக்கு மங்கிவிட்டது என்பதை வாசித்ததும் இன்னும் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கண் ஏதாவது சின்னப் பிள்ளைக்குப் போயிருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தேன். போயும் இருக்கிறது. ஐந்து வாரம் பார்த்ததே அந்தப் பிள்ளை, அந்த ஐந்து வாரத்தில் என்னவெல்லாம் பார்த்திருக்கும்? அதை எழுது.

குடிகாரனுக்குத் தங்கிவிட்டது என்பதில் முதலில் மனம் கசந்துபோனது. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் யோசித்தேன், பதினாலு வருடம் அவள் கஞ்சியைத் தள்ளிவிட்ட ஆளோடுதானே குடித்தனம் பண்ணினாள். நான் குடித்ததை அவள் உனக்கு எழுதியிருக்கமாட்டாள். அவள் அடக்கம் முடிந்ததிலிருந்து தொடவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

அப்பா விஷயத்தில் நான் உன் கடிதத்தை அடுப்பில் போட்டது உண்மை. ஐந்து நாள் என்று எனக்குத் தெரியாது. ஐந்து வருடமாக உன் மேல் வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை.

மாமியிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது என்னைத் தாண்டித்தான் போகிறார். தலையைத் திருப்பிக்கொள்கிறார். வாசித்துக் காட்ட நினைத்து இரண்டு தடவை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மங்கிப்போனதை முதலில் சொல்வதா, மற்றதை முதலில் சொல்வதா?

ம்வாங்கிக்குத் தெரியுமா, கண் எங்கிருந்து வந்தது என்று?

அண்ணன்,
யேசுரட்ணம்

*

நைரோபி,
18.7.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

'தங்கச்சிக்கு' என்று போட்டிருந்ததை முதலில் வாசித்தேன். அதற்கு மேல் அன்றைக்கு வாசிக்கவில்லை. மறுநாள்தான் முழுவதும் வாசித்தேன்.

வஞ்சிரு அந்த ஐந்து வாரத்தில் பார்த்ததைக் கேட்டீர்கள். அவள் தாயின் காதில் கிடந்த தோட்டைப் பார்த்தாள். கோழியைப் பார்த்து, இவ்வளவு சின்னதா என்றாளாம். கொக்கரிக்கிற சத்தத்தைக் கேட்டு ஆடு அளவு இருக்கும் என்று நினைத்திருந்தாள். மழையை வெளியே போய்ப் பார்த்தாள். மழை நூல் நூலாக விழுகிறது என்று வார்ட் முழுக்கப் போய்ச் சொன்னாள். இப்போது மறுபடி தெரியவில்லை. ஆனால் எதைத் திரும்பக் கேட்பது என்று இப்போது அவளுக்குத் தெரியும். அறுவைக்குப் பெயர் கொடுக்கத் தாயை அவளே இழுத்து வந்தாள். இந்த மாதம் மூன்றாம் தேதி இன்னொரு பிளாஸ்க் வந்தது. அதில் ஒன்றை அவளுடைய மற்றக் கண்ணுக்கு வைத்திருக்கிறார்கள். தங்குமா என்று சொல்ல இன்னும் மூன்று மாதமாவது வேண்டும்.

ம்வாங்கிக்குச் சொல்ல மதரிடம் மறுபடி கேட்டேன். ஊரைச் சொல், உறவைச் சொல்லாதே என்றார். அடுத்த தடவை வந்தபோது, கண் வந்தது கடலுக்கு அப்பால் ஒரு தீவிலிருந்து, தேயிலை பறித்த ஒரு பெண்ணிடமிருந்து என்றேன். தேயிலை அவருக்குத் தெரியும். இங்கேயும் மலைப்பக்கம் தோட்டங்கள் உண்டு. எவ்வளவு தூரம் என்று கேட்டார். காக்கை பறப்பதுபோல நேராகப் போனால் மூவாயிரம் மைல் என்றேன். அந்தக் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. நடந்தால் எத்தனை நாள் என்றார். கடலில் நடக்க முடிந்தால் ஐந்து மாதம் என்றேன். எத்தனை நாளில் வந்தது என்றார். ஆகாயத்தில் அரை நாளுக்கும் குறைவு என்றேன்.

அவர் எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர். அன்றைக்குத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, பெயர் என்ன என்று கேட்டார். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனாலும் சொன்னேன். மதரிடம் பிறகு ஒப்புக்கொண்டேன்; அவர் திட்டவில்லை. ம்வாங்கி அந்தப் பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். சரியாகவே சொன்னார்.

போன வாரம் விமான நிலையத்தின் வேலி ஓரம் அவர் நிற்பதைப் பார்த்தேன். பஸ் ஏறி வந்திருக்கிறார். நான் பிளாஸ்க் வாங்கப் போயிருந்தேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். கிழக்கேயிருந்து வருவது எது என்று பார்க்க வந்தேன் என்றார். ஒன்று இறங்கியது. கழுத்தை வளைத்துக்கொண்டு பார்த்தார். அவ்வளவு உயரத்திலிருந்து இவ்வளவு பாரத்தை மெதுவாக இறக்குகிறார்களே என்றார். அதற்குப் பிறகு பெட்டியோடு நான் வெளியே வந்தபோது, வண்டி வரைக்கும் எனக்கு முன்னால் நடந்து, கூட்டத்தை விலக்கிவிட்டார். பெட்டியைத் தொடவில்லை.

குடியை விடவில்லை. மறுபடி கல்லுடைக்கப் போகிறார். நாங்கள் கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறார் என்று கேள்வி. அதற்காக நன்றாகத் திட்டினேன்.

மாமியிடம் மங்கியதை முதலில் சொல்லுங்கள். நல்லதை முதலில் சொல்லிவிட்டு அதைச் சொன்னால், இரண்டையும் அவர் நம்பமாட்டார்.

எனக்கு ஊருக்கு வர விடுமுறை எண்பத்தொன்றில்தான். அதுவரை எழுதுங்கள்.

றோசலின்

*

பிரண்டைமலைத் தோட்டம்,
12.8.1979

அன்புள்ள தங்கச்சி றோசலினுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாமியின் காம்பராவுக்குப் போனேன். உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, உன் கடிதங்கள் எல்லாவற்றையும் வாசித்தேன். நீ சொன்னபடி மங்கிப்போனதை முதலில் வாசித்தேன். அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை மழையைப் பார்த்ததை வாசித்தபோது மறுபடி ஆயத் தொடங்கினார்.

கண்ணாடியில் தூசி என்று ம்வாங்கி சொன்ன இடத்தில் நிறுத்தச் சொன்னார். ஐந்து மாதத்தில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "திரும்பப் படிங்க." திரும்ப வாசித்தேன். அதற்குப் பிறகு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். நான் எழுந்து போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கேட்டார், இங்கேயிருந்து அங்கே போய்ச் சேர மொத்தமாக எவ்வளவு நேரம் ஆனது என்று. கணக்கு எனக்கு மனப்பாடம். அவள் கண்ணை மூடியதிலிருந்து நீ பிளாஸ்கை ஆஸ்பத்திரியில் இறக்கியது வரைக்கும் முப்பத்து நாலு மணி நேரம் என்றேன். அது எத்தனை நாள் என்றார். ஒன்றரை நாளுக்கும் குறைவு என்றேன்.

மாமி விரலை மடக்கி ஏதோ எண்ணினார்.

"எங்க அய்யா, ஆத்தாவ கூட்டிக்கிட்டு இந்தியாவுல மண்டபத்துலருந்து இந்த மலைக்கு வந்து சேர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சாம். வழியில ரெண்டு புள்ளைகளப் பறிகுடுத்தாங்களாம். ஒன்னர நாளுன்னா என்னங்க மாப்பிள, பக்கந்தான?"

பக்கந்தான் மாமி என்றேன்.

"அவ இருட்டுல போகல."

இல்லை என்றேன்.

அன்று பகல் சோறு அங்கேதான் சாப்பிட்டேன். கீரைக் கடையல். சாப்பிடும்போது அந்த ம்வாங்கிக்குப் பெண்சாதி இருக்கிறாளா, அவர் உடைக்கும் கல்லுமலை எப்படி இருக்கும், வெயில் அதிகமா என்றெல்லாம் கேட்டார். எனக்குத் தெரிந்தவரைக்கும் சொன்னேன். தெரியாததை உன்னிடம் கேட்டு எழுதுகிறேன் என்றேன். கேட்டு எழுத வேண்டாம், நான் சொல்வதை அவருக்கு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் பாஷையில் நீ சொல்லிவிடு. யார் சொன்னது என்று சொல்ல அனுமதி இல்லாவிட்டால், பெயரை விட்டுவிடு. மாமி சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்:

"அய்யா, எம் மக கண்ணு சின்னதுலருந்தே வெயில் தாங்காது. கொஞ்ச நேரம் வெயில்ல நின்டாலே தண்ணியா வடியும். மலையில நிக்கிறப்ப தலைத்துண்ட நெத்திக்குக் கீழ வரைக்கும் இழுத்து விட்டுக்குவா. கல்லு ஒடைக்கிற எடத்துல நெழலு இருக்காது. நீங்களும் அப்புடி இழுத்து விட்டுக்கங்க. அவங்க குடுத்த கண்ணாடியப் பையில வைக்காம போட்டுக்கங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பச்சத் தண்ணியில மொகத்தக் கழுவுங்க. மத்தபடி நீங்க எதப் பாத்தாலும் எனக்குச் சம்மதம்."

அண்ணன்,
யேசுரட்ணம்